மணமேல்குடியின் நிதானமான நஞ்சு

போன மாதம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் புதிதாக வந்திருந்த இயந்திரத்தைக் காட்டினார்கள். மட்டி, சிப்பி, ஆளி இவற்றின் சதையில் இயற்கையாகவே சேரும் நஞ்சை அது கண்டுபிடித்துச் சொல்லிவிடுமாம். எலி வேண்டாம், ஊசி வேண்டாம். அதற்கென்று குளிர்சாதன அறை, வெளியே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை. நான் மணமேல்குடியில் வேலை பார்த்த கட்டடத்தில் எங்களுக்கே அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அதை இயக்கிக்கொண்டிருந்த பெண் பெருமையாக ஒன்று சொன்னாள். மட்டியே சேர்க்காத வெறும் மாதிரி ஒன்றை முதலில் ஓட்டிக் காட்டினால்தான் இயந்திரம் அடுத்த வேலையைத் தொடங்குமாம். எத்தனை அவசரம் என்றாலும் கேட்காதாம். எனக்குச் சுருக்கென்றது. அறுபதுகளின் தொடக்கத்தில் அவ்வளவு பிடிவாதம் எங்களில் ஒருவருக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அதை அவளிடம் சொல்லியும்விட்டேன், முழுக் கதையையும் எழுதித் தாருங்கள் சார் என்றாள். எழுதுகிறேன். என் பெயர் இதில் நன்றாக இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆவூர்க்காரன். வீட்டில் என்னைப் பாதிரிச் சாமியாராக்கப் பார்த்தார்கள். நான் திருச்சியில் கெமிஸ்ட்ரி படித்தேன். பிறகு மதராஸில் இரண்டு மாதப் பயிற்சி. அதில் முதல் மாதம் கடிதம் எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள், இரண்டாம் மாதம் எலியைப் பிடிப்பது எப்படி என்று. வாலைப் பிடித்துத் தூக்கி, கம்பிவலை மேல் விட்டு, பிடரியைக் கிள்ளிப் பிடித்து, மல்லாத்தி, அடிவயிற்றில் ஊசி. இதில் தேறியதும் மணமேல்குடிக்குப் போட்டார்கள். இன்றைக்கு அது புதுக்கோட்டை மாவட்டம். அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லாவின் தென்கோடி. எங்கள் கடிதங்களுக்குப் பதில் வந்த வேகத்தைப் பார்த்தால் ஜில்லாவுக்கு அந்தக் கோடி ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

பரிசோதனை நிலையம் என்பது ஒரு பழைய உப்புக் கிட்டங்கி. வெள்ளையடித்த மூன்றாம் நாள் சுவரில் உப்பு பூத்துவிடும். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தராசு, எலிக்கூண்டுகள், ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் என் மேலதிகாரி வேதாசலம் சார்.

சாரை விவரிக்காமல் மேலே போக முடியாது. ஒல்லியான மனிதர். நெற்றியில் மூன்று பட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஸ்டாப்வாட்ச். சுத்த சைவம், மட்டியை வாயில் வைத்தவரல்ல. முறை எழுதப்பட்ட பக்கங்களைத் தட்டச்சு செய்து அட்டை போட்டு வைத்திருந்தார். பரிசோதனை நடக்கும்போது அதை நின்றுகொண்டு உரக்க வாசிப்பார். நான் செய்ய வேண்டும். நூறு கிராம் சதை அரைத்தாயிற்றா, ஆயிற்று சார். பத்தில் ஒரு பங்கு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நூறு மில்லி, ஊற்றியாயிற்று சார். அமிலக் காகிதம் சரியான நிறம் காட்டுகிறதா, காட்டுகிறது சார். ஐந்து நிமிடம் மெதுவான கொதி. ஆறவிட்டு, இருநூறு மில்லியாக்கி, தெளிந்ததை எடுத்து, இருபது கிராம் எலிக்கு ஒரு மில்லி. ஊசி ஏறிய கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். எலி சாவதை அவரால் பார்க்க முடியாது. நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் நேரத்தை எழுதுவார். அதையும் ‘டைடு’, செத்தது, என்று எழுதமாட்டார், ‘எக்ஸ்பயர்டு’, காலமானது, என்றுதான் எழுதுவார். எலிகளுக்குத் தன் கையால் பொட்டுக்கடலை போடுவார்.

எலிகள் மதராஸிலிருந்து அறந்தாங்கிக்கு ரயிலில் வரும், அங்கிருந்து பஸ்ஸில். வழியிலேயே பாதி உயிரை விட்டுவிடும். அதனால் மிஞ்சியவை எங்களுக்கு அருமை. மட்டி சேர்க்காத வெறும் அமிலத்தையும் அதேபோலக் காய்ச்சி ஓர் எலிக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அட்டைப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரி வந்தால் சார் வாசிக்கமாட்டார்.

“வெறும் தண்ணிக்கு ஒரு உயிரக் கொல்றதுக்கு நான் என்ன கசாப்புக் கடையா வச்சிருக்கேன்?” என்று ஒருமுறை கேட்டார். எனக்கும் ஒரு எலி பிடிக்கிற வேலை மிச்சம், சும்மா இருந்துவிட்டேன்.

இதேபோல, கண்ணாடி பீக்கரில்தான் காய்ச்ச வேண்டும் என்ற இன்னொரு வரியையும் தாண்டினோம். மதராஸிலிருந்து மூன்று கண்ணாடி பீக்கர்கள் வந்தன. இரண்டு பஸ்ஸில் உடைந்தன, ஒன்றை நான் உடைத்தேன். வேறு கேட்டு எழுதினோம். முந்தையவை எப்படி உடைந்தன என்று கேட்டுப் பதில் வந்தது. அதற்கு விளக்கம் எழுதினோம். விளக்கத்தில் தேதி இல்லை என்று திரும்பி வந்தது. இதற்கிடையில் வேலை நிற்கக்கூடாதே என்று நான் தங்கியிருந்த அறையிலிருந்து ஒரு சின்னப் பித்தளைக் குண்டானைக் கொண்டுவந்தேன். குளிக்க வெந்நீர் காய்ச்சும் பாத்திரம். வெளிப்பக்கம் புளி போட்டுத் தேய்த்துத் தகதகவென்று வைத்திருந்தேன். சார் பார்த்துவிட்டு, பொறுப்பான பையன் என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு இன்றைக்கும் காதில் கேட்கிறது, வலிக்கிறது.

அதற்கு முன் எங்களுக்கு வேலையும் பெரிதாக இல்லை. பீக்கர் இருந்தவரை மதராஸ் அனுப்பிய மாதிரிகளில் ஒத்திகை பார்த்ததோடு சரி, இந்தக் கரை மட்டியை யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்லை. அப்போதுதான் முகாம் வந்த ஓர் அதிகாரியும் கூட வந்தவர்களும் பயணியர் விடுதியில் மட்டிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வாந்தியும் மயக்கமுமாகப் படுத்தார்கள். சாதாரண ஆள் வாந்தியெடுத்தால் சூடு, பித்தம் என்று சுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். அதிகாரி வாந்தியெடுத்ததால் அது நஞ்சு ஆயிற்று. ஒரே நாளில் கடற்கரை முழுக்க மட்டி எடுக்கத் தடை போட்டார்கள். மட்டியை விற்றவள் யார் என்று விசாரித்தார்கள். அவள் சவுரியம்மாள்.

சவுரியம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். இரண்டு பெண்பிள்ளைகள். அந்தக் கரையில் அலை கிடையாது, சேறுதான். நீர் வற்றும் நேரத்தில் முழங்கால் சேற்றில் நின்று, பாதத்தால் துழாவி, மட்டி தட்டுப்பட்டதும் குனிந்து எடுப்பார்கள். அப்படி இருபது முப்பது பெண்கள். எல்லோருக்கும் பிழைப்பு போனது. சவுரியம்மாளுக்குக் கூடுதலாக ஒரு மரியாதை. தினமும் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரேகை வைக்க வேண்டும், எங்கள் அறிக்கை வந்ததும் அவள் மேல் வழக்கு. நஞ்சு என்று நாங்கள் எழுதினால் ஜெயில். ஸ்டேஷனில் அதை அவளிடமே சொல்லியிருந்தார்கள்.

பரிசோதனைக்கு மட்டி வேண்டுமே. தடை இருப்பதால் வேறு யாரும் சேற்றில் இறங்கமாட்டேன் என்றார்கள். கடைசியில் சவுரியம்மாளையே எடுத்துவரச் சொல்லி உத்தரவானது. குற்றம் சாட்டப்பட்டவளே தனக்கு எதிரான சாட்சியத்தைத் தினமும் பனையோலைக் கொட்டானில் சுமந்து வந்தாள். கொடுத்துவிட்டு வாசல் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். சேதி தெரியாமல் போகமாட்டாள்.

முதல் எலிக்கு ஊசி போட்டேன். புத்தகப்படி, மட்டியில் நஞ்சு கடுமையாக இருந்தால் எலி சில நிமிடங்களில் துள்ளும், மூச்சுக்குத் திணறும், சாகும். எங்கள் எலி துள்ளவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. மீசையைத் துடைத்துக்கொண்டது. அரை மணிக்குப் பிறகு உடம்பைச் சுருட்டி ஒரு மூலையில் உட்கார்ந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து பார்த்தால் செத்திருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. இன்னொன்று, வடித்தெடுத்த சாறு இலேசான பச்சை நிறத்தில் இருந்தது. அதைச் சாரிடம் காட்டினேன்.

“பாசி. மட்டி பாசியைத்தானே தின்னுது. அதுலேர்ந்துதான் நஞ்சே வருது” என்றார்.

எலி ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று கேட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“இது வேற நஞ்சு தம்பி. வெளிநாட்டு நஞ்சு அவசரக்காரன். நம்ம கடல் நஞ்சு நிதானமானது.”

அன்று மாலையே அறிக்கைக்கு வரைவு எழுதத் தொடங்கிவிட்டார். உலகத்தில் எங்கும் இல்லாத நஞ்சு, மணமேல்குடியில், எங்கள் உப்புக் கிட்டங்கியில். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று என்னிடமே யோசனை கேட்டார். நானும் வெட்கமில்லாமல் அவர் பெயரையே சொன்னேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார், ஆனால் எழுதிப் பார்த்தார். முதற்கட்ட முடிவு என்று ஒரு கடிதம் மதராஸுக்கும் ஒரு நகல் ஸ்டேஷனுக்கும் போனது.

மரத்தடியில் இருந்தவளிடம் நான்தான் சொன்னேன். எலி செத்துவிட்டது அக்கா என்றேன். அவள் அழவில்லை. அவள் கேட்டது வேறு. அவளும் பிள்ளைகளும் எங்களுக்குக் கொடுத்தது போக மிச்சமிருக்கும் மட்டியைத்தான் தினமும் அவித்துத் தின்கிறார்களாம், அவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? உள்ளே போய் இதைச் சாரிடம் சொன்னேன். பழகிய உடம்பு என்றார். அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்த அறிக்கை விழுங்கிக்கொண்டது.

நான்காம் நாள் இறுதிப் பரிசோதனை. சார் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கும் போய் வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். நான் முந்தின நாள் ஆறவிட்டிருந்த குண்டானைக் கழுவ வாசலுக்குக் கொண்டுவந்தேன். அடியில் தங்கியிருந்ததைக் கொட்டினேன். வெள்ளை மணலில் பச்சையாக ஓடியது. சவுரியம்மாள் எழுந்து வந்து குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“தம்பி, இதுலயா எம் மட்டிய வேக வச்சீங்க?”

ஆமாம் என்றேன்.

“என்ன ஊத்தி?”

அமிலம் என்றேன். புரியவில்லை. புளியை விடப் பலமடங்கு புளிப்பு என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? கோபம் இல்லை. சோறு வடிக்கத் தெரியாத புதுமருமகளைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

“கலாய் பூசாத பித்தளையில யாராச்சும் புளிக்கொழம்பு வப்பாங்களா? களிம்பு எறங்கிருமே. உள்ள பாருங்க, பச்சப் பசேல்னு கெடக்கு. எங்க வீட்ல பூனைக்குக்கூட இதுல ஊத்த மாட்டோம்.”

வெளிப்பக்கத்தைத்தான் நான் தேய்த்திருந்தேன், உள்பக்கம் ஈயம் பூசியதே இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்துக்கு உள்பக்கம் எதற்கு? கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கியவன் நான். தாமிரம், துத்தநாகம், அமிலம் எல்லாம் பரீட்சையில் எழுதியவன். பித்தளை என்றால் தாமிரமும் துத்தநாகமும்தான் என்று மனப்பாடமாகத் தெரியும். அமிலத்தை அதில் ஊற்றிக் கொதிக்க வைத்து, ஆறும்வரை வைத்திருந்து, மூன்று எலிகளின் வயிற்றில் ஏற்றினேன். சமையல்கட்டில் காலடி வைத்த எந்தப் பெண்ணும் செய்யாத தப்பை இரண்டு ஆண்கள் ஓர் அட்டைப் புத்தகத்தை உரக்க வாசித்தபடி செய்திருக்கிறோம்.

உள்ளே போனேன். அடுப்பைப் பற்றவைத்தேன். குண்டானில் அமிலத்தை மட்டும் ஊற்றினேன். மட்டி இல்லை. ஐந்து நிமிடம் கொதி. முந்தைய நாட்கள் போலவே ஆறவிட்டு, இருநூறாக்கி, ஓர் எலிக்குப் போட்டேன். யாருடைய அனுமதியும் இல்லாமல். சார் வாசிக்காமல் தாண்டிப் போவாரே, அந்த வரியை அன்றுதான் நிறைவேற்றினேன். எலி மீசையைத் துடைத்தது, பிறகு சுருண்டது. அது சாகும்வரை கூண்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிழைத்துவிட வேண்டும் என்று அப்போதும் எனக்குள் ஒரு நப்பாசை. அது பிழைத்தால் நான் தப்பித்தேன், சவுரியம்மாள் ஜெயிலுக்குப் போவாள். இதைத்தான் நான் ஆசைப்பட்டேன் என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

மாலையில் சார் வந்ததும் செத்த எலியைக் காட்டி, இதற்கு மட்டி போடவே இல்லை சார் என்றேன். அவர் ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்தபடி நின்றார். குண்டானை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு அட்டைப் பக்கங்களை எடுத்து, முதல் வரியிலிருந்து மெதுவாக வாசித்தார். பீக்கர் என்ற இடத்தில் நின்றார். வெறும் அமிலம் என்ற வரியை இரண்டு முறை வாசித்தார். வேலை தற்காலிகம், பாத்திரம் என்னுடையது, என்னைத்தான் தொலைக்கப்போகிறார் என்று நின்றேன்.

“எலி மேல இரக்கப்பட்டு ஒரு பொம்பளய ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தேனே” என்றார். குண்டானை என்னிடமே திருப்பித் தந்தார்.

மறுநாள் அறந்தாங்கிக்குப் பஸ் ஏறிப்போய், ஒரு பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியாரிடம் கெஞ்சி இரண்டு கண்ணாடி பீக்கர்கள் வாங்கி, வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மூன்று இடங்களிலிருந்து புது மட்டி. எல்லா வரியும் வாசிக்கப்பட்டது. இந்த முறை சன்னல் பக்கம் திரும்பாமல் எலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிடம் ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. எலி பொட்டுக்கடலை கேட்டது. மறுநாள் காலையிலும் எல்லா எலிகளும் கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. சாருடைய கண்கள் கலங்கியிருந்தன. எலி பிழைத்த சந்தோஷமா, அவருடைய நஞ்சு செத்த துக்கமா என்று நான் கேட்கவில்லை.

அறிக்கையைத் தன் கையால் எழுதினார். மட்டியில் நஞ்சில்லை, முந்தைய முடிவு பாத்திரத்தால் வந்த பிழை, பிழை முழுவதும் தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாத்திரம் யாருடையது என்று எழுதவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சார், என் பெயரையும் சேருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் அவரை அன்னவாசல் பக்கம் மாற்றினார்கள், ஏரி மீன்களைப் பார்த்துக்கொள்ள. கடலே இல்லாத இடமாகப் பார்த்துப் போட்டார்கள். அவர் போன மறுவாரம் நாங்கள் கேட்ட பீக்கர்கள் வந்து சேர்ந்தன, ஒன்றுகூட உடையாமல்.

அந்த அதிகாரிகள் எதனால் வாந்தியெடுத்தார்கள் என்பதை விடுதிக் காவலாளி வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னான். குழம்போடு அவர்கள் வேறொன்றும் சாப்பிட்டிருக்கிறார்கள், பாட்டிலில். மதுவிலக்கை அமல்படுத்த வேண்டியவர்கள் என்பதால் அதை வெளியே சொல்ல முடியவில்லை. மட்டிக்கு வாய் கிடையாது, அதனால் அதன்மேல் போட்டார்கள்.

சவுரியம்மாள் மேல் வழக்கு வரவில்லை. தடையையும் தமுக்கடித்து நீக்கினார்கள். ஆனால் யாரும் மட்டி வாங்கவில்லை. தமுக்குச் சத்தத்தை விட எலி செத்த சேதி வேகமாகப் போய் ஆலங்குடி வரைக்கும் பரவியிருந்தது. விஷக்காரி என்று அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பெரிய பெண்ணைக் கிணற்றடியில் தண்ணீர் எடுக்க விடவில்லையாம். ஒருநாள் பரிசோதனை நிலையத்துக்கு வந்து வாசலில் நின்றாள். நான் அறிக்கையின் நகலை எடுத்துக் காட்டினேன், நஞ்சில்லை என்று எழுதியிருக்கிறது பாருங்கள் அக்கா என்று.

“காயிதத்த யாரு திங்கிறா? நீங்கதானே தம்பி எலியக் கொன்னீங்க. சந்தைக்கு வாங்க. எல்லாரும் பாக்க நீங்க சாப்பிடுங்க.”

போனேன். சந்தை நடுவில் மூன்று கல் கூட்டி, மண்சட்டியில் புளி கரைத்து ஊற்றி, என் கண்ணெதிரே குழம்பு வைத்தாள். வாழை இலையில் சோறு போட்டாள். நான் பலகையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் கூட்டம். வளையல் கடைக்காரர் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நேரம் பார்க்கத் தொடங்கினார். நான் சாப்பிடத் தொடங்கினேன். எல்லோரும் என் மூச்சைக் கவனித்தார்கள். ஒருமுறை மீசையைத் துடைத்தேன், இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். எங்கே சுருண்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. வெட்கம் வேறு. சார் இருந்தால் சன்னல் பக்கம் திரும்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எழுதாமல் விட்ட பெயரை அந்தக் கூட்டத்தில் நானே சொன்னேன். குண்டான் என்னுடையது, தப்பு நான் செய்தது, இந்த அம்மா மட்டியில் ஒன்றுமில்லை என்றேன். எல்லோரும் கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள்.

சவுரியம்மாள் அகப்பையோடு என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அந்த எலியளயும் இப்புடித்தான் சுத்தி நின்னு பாத்தீங்களா?”

ஆமாக்கா என்றேன்.

“பாவம்” என்று சொல்லிவிட்டு, இலையில் இன்னொரு அகப்பை ஊற்றினாள்.